மூச்சு விடாமல் பாடியவள்

என் தங்கை மார்னி குபியாக்குக்கு உண்மையிலேயே பாட வருமா என்று ஆளாளுக்கு என்னைக் கேட்கிறார்கள். நான் டொலீடோவில் ஒரு பல் மருத்துவரிடம் பல் சுத்தம் செய்யும் வேலை பார்க்கிறேன். நாற்காலியில் சாய்ந்து, வாயைப் பிளந்து, நான் கருவியை உள்ளே விட்டிருக்கும் நேரத்தில்கூட விடமாட்டார்கள். "ஆங் ஆங் ஆங்?" என்பார்கள். எனக்குப் புரிந்துவிடும். "வரும். கொப்பளிங்க" என்பேன்.

வரும் என்பதுதான் எரிச்சல். பாடவே வராத ஒருத்தி பாடகி ஆகி மாட்டிக்கொண்டாள் என்றால் நாங்களும் சிரித்துவிட்டுப் போயிருப்போம். மார்னிக்கு நன்றாகவே பாட வரும். ஆனால் நீங்கள் கேட்டது, உங்கள் பிள்ளைகள் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து கத்தியது, பெட்ரோல் பங்கில் ஓடியது, அதெல்லாம் அவள் பாடியது இல்லை. அது என் கைவேலை. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை.

பத்தொன்பது வயதில் அவள் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சேர்ந்தாள். வாடிக்கையாளர்களே பில் போட்டுக்கொள்ளும் இயந்திரங்கள் ஆறு இருக்கும், அவற்றுக்கு நடுவே ஒரு பெண் நிற்பாளே, அந்த வேலை. ஆறு இயந்திரமும் ஒரே சமயத்தில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு அவளைக் கூப்பிடும். வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கு வந்தவர்களை எல்லாம் எங்களுக்கு நடித்துக் காட்டுவாள். பதினோரு எலுமிச்சம்பழத்தை ஒவ்வொன்றாகப் பதிவு செய்த கிழவர். இயந்திரத்தோடு சண்டை போட்டுவிட்டு அதனிடமே மன்னிப்புக் கேட்ட பெண்மணி. அப்பா சிரித்துச் சிரித்து இருமுவார். முப்பது வருஷம் கண்ணாடி ஆலையில் வேலை செய்த நெஞ்சு. அவர் இப்படிச் சிரிப்பது அபூர்வம் என்பதால் நான் போனில் படம் பிடித்தேன். ஆரம்பம் அவ்வளவுதான். வேறு எந்த லட்சியமும் எங்களுக்கு இல்லை.

முதல் வீடியோவை நாற்பது பேர் பார்த்தார்கள். அதில் முப்பது பேர் சொந்தக்காரர்கள். காரணம் எனக்கு உடனே தெரிந்தது. மார்னி பேச்சில் இழுவை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால், நீச்சல் குளத்தில் குதிக்கப் போகிறவளைப் போல ஒரு பெரிய மூச்சு எடுப்பாள். அந்த மூச்சு முடிவதற்குள் பார்க்கிறவன் அடுத்த வீடியோவுக்கு ஓடிவிடுவான். இந்தத் தொழிலில் இரண்டு வினாடி சும்மா இருந்தால் செத்தோம். அதனால் லேப்டாப்பில் உட்கார்ந்து மூச்சுகளை எல்லாம் வெட்டி எறிந்தேன். திரையில் குரல் சின்னச் சின்ன மலையாகத் தெரியும். ஒவ்வொரு மலைக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கும். அந்த மேடுதான் மூச்சு. பிடித்து வெட்டுவது. ஒட்டுவது. கடைசியில் வேகத்தைக் கொஞ்சம் கூட்டுவது. இரண்டாவது வீடியோவை ஒன்பதாயிரம் பேர் பார்த்தார்கள். அன்றிலிருந்து அதுவே எங்கள் வீட்டுச் சட்டமாகிவிட்டது.

அடுத்த மூன்று வருஷம் எங்கள் வீட்டில் யாரும் சூடாகச் சாப்பிடவில்லை. அம்மா முட்டைக்கோஸ் இலையில் கறியை வைத்துச் சுருட்டி, தக்காளிச் சாற்றில் வேகவைத்து மேசைக்குக் கொண்டுவந்தால், மார்னி போனைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். "ஒரு நிமிஷம், வெளிச்சம் சரியில்ல." அம்மா பாத்திரத்தோடு திரும்ப அடுப்படிக்குப் போய், மறுபடி உள்ளே வரவேண்டும். அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு தூண்டில் வாங்கிக்கொடுத்தோம். அந்தப் பொட்டலத்தை அவர் மூன்று தடவை பிரித்தார். மூன்றாவது தடவை, "எனக்கு இனிமே ஆச்சரியம் வரலம்மா. வேணும்னா அழறேன்" என்றார். அந்த ஒரு வரிக்கு மூன்று லட்சம் பேர். நாங்கள் திருந்துவோமா?

பாட்டு வந்தது ஒரு பிப்ரவரி மாதத்தில். மார்னி வேலை முடிந்து வந்து, வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். வெளியே பனி. அம்மா ஜன்னலில் நின்று புலம்பினாள்.

"அவ ஏன் உள்ள வரமாட்டேங்கிறா? கால் மணி நேரமா என்ஜின் ஓடுது. யார்கிட்டயாச்சும் சண்டையா?"

"வருவாம்மா. விடு."

வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. "ஒண்ணு பாடினேன். கேக்குறியா?" என்று போனை நீட்டினாள்.

*வீடு வந்தாச்சு, வண்டி நின்னாச்சு, எறங்கத்தான் மனசு வரல. இன்னும் ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், யாருக்கும் நான் யாரும் இல்ல.*

அவ்வளவுதான் பாட்டு. அதையே சுற்றிச் சுற்றிப் பாடியிருந்தாள். மெதுவாக, அடிக்குரலில். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பெண்களின் கீழ்க்குரல் வரிசையில் நின்று பாடுகிற அதே குரல். நடுவில் பெரிய பெரிய மூச்சுகள். ஒவ்வொரு மூச்சுக்கும் கார்க் கண்ணாடியில் ஆவி படிவதுகூடத் தெரிந்தது. மொத்தம் இரண்டு நிமிடம் ஐம்பது வினாடி. எனக்கு அழுகை வந்தது. இதை நான் மறைக்கப் போவதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தேன். நாற்பத்தோரு மூச்சை வெட்டினேன். வேகத்தைக் கூட்டினேன். ஐம்பத்தெட்டு வினாடிக்குக் கொண்டுவந்துவிட்டேன். அழுதுகொண்டேதான் வெட்டினேன் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். கை பழகிவிட்டது, என்ன செய்வது?

மார்னி அதைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"இது நானாடி?"

"நீயேதான்."

"எலிக்குட்டி பாடற மாதிரி இருக்கு."

"ஜனங்களுக்கு எலிக்குட்டிதான் பிடிக்கும். போ, போய்ச் சாப்பிடு."

ஒரு வாரத்தில் ஒரு கோடியே நாற்பது லட்சம் பேர். நர்சுகள், பள்ளிக்கூட பஸ் டிரைவர்கள், கைக்குழந்தை வைத்திருக்கும் அம்மாக்கள் எல்லாரும் அவரவர் வாசலில் காருக்குள் உட்கார்ந்து அந்த எலிக்குட்டிக் குரலுக்கு வாயசைத்து வீடியோ போட்டார்கள். வினிபெக்கில் ஒரு பஸ் டிரைவர், பஸ் முழுக்க ஆட்களை வைத்துக்கொண்டே, கடைசி நிறுத்தத்தில் கதவைத் திறக்காமல் பாடினார். மார்னி அதைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துவிட்டு, "அவருகூட என்னைவிட நல்லா மூச்சு விட்டுப் பாடறாரு" என்றாள். அப்போதே நான் அதைக் காதில் வாங்கியிருக்கலாம்.

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஒரு இசைக் கம்பெனி கூப்பிட்டது. கோல்பி என்று ஒருவர் வீட்டுக்கே வந்தார். முப்பது வயது இருக்கும், பல்லெல்லாம் வெளுத்துப் பளபளவென்று இருக்கும். (என் தொழில் புத்தி, முதலில் பல்லைத்தான் பார்ப்பேன்.) எதற்கெடுத்தாலும் ஆளைத் தூக்கிவைத்துப் பேசுவார். மார்னியை "மகாராணி" என்பார். அம்மாவைப் பார்த்து, "மகாராணியோட அம்மா, இந்த வீட்டுல மேஜிக் இருக்கு" என்றார். அம்மா குனிந்து கம்பளத்தைப் பார்த்தாள், எங்கேயாவது கறை இருக்கிறதா என்று. குபியாக் என்ற குடும்பப் பெயரை எடுத்துவிட்டார்கள். வெறும் மார்னி. அப்பாவுக்கு அதில் வருத்தம். "எங்கப்பா அந்தப் பேரத் தூக்கிட்டுக் கப்பல்ல வந்தாரு. இவனுக்கு அத ஒரு போஸ்டர்ல தூக்க முடியலையாமா?" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

மார்னி அங்கே போய் ஸ்டுடியோவில் முழுப் பாட்டையும் பாடினாள். தன் குரலில், தன் வேகத்தில். ஆறு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து மீதிப் பாட்டை எழுதியிருந்தார்கள். பதினைந்து வினாடியை மட்டும் ருசி காட்டுவதற்காக வெளியிட்டார்கள். கமெண்ட் வந்தது பாருங்கள்! "யாரு இந்த ஆன்ட்டி?" "நிஜ மார்னியத் திருப்பிக் குடுங்க." "மருந்து போட்டுத் தூங்க வெச்சிட்டீங்களா?" ஒரே நாளில் நாற்பதாயிரம். கோல்பி எனக்குப் போன் செய்தபோது அவர் குரலில் மேஜிக் எதுவும் இல்லை.

"கிறிஸ்டா, அந்த ஒரிஜினலுக்கு நீ என்னதான் பண்ணின?"

"மூச்ச வெட்டினேன். வேகத்தக் கூட்டினேன்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

"கிறிஸ்டா, நீ தெய்வம்!" என்றார்.

அப்படித்தான் நான் தெய்வமானேன். பகல் முழுக்க ஊரார் பல்லைச் சுரண்டிவிட்டு, சாயங்காலம் சமையலறை மேசையில் உட்கார்ந்து தங்கையின் மூச்சைச் சுரண்டினேன். வெட்டுவதற்கு வசதியாக அங்கே ஸ்டுடியோவில் அவளை வரி வரியாகப் பாடவைத்தார்கள். பிறகு வார்த்தை வார்த்தையாக. ஒரு நாள் போனில் சொன்னாள்.

"இன்னிக்கு 'நிமிஷம்'ங்கிற வார்த்தைய மட்டும் முப்பது தடவ பாடினேன். முழுசா ஒரு தடவ பாடட்டுமான்னு கேட்டேன். எதுக்குன்னு கேக்கறாங்கடி."

"அவங்களுக்குத் தெரியாதா? விடு. பாட்டு ஓடுதுல்ல?"

பாட்டு ஓடியது. அதிகம் கேட்கப்படும் பாட்டுகளின் பட்டியலில் முப்பத்திரண்டாம் இடம். அடுத்து இரண்டு பாட்டு. மூன்றுமே என் மேசையிலிருந்து போனவை. அவள் பழைய சூப்பர் மார்க்கெட்டிலேயே அவள் பாட்டு ஒலித்தது. அங்கே வேலை செய்கிற பெண் ஒருத்தி, மார்னி பால் வாங்கப் போனபோது, "நேர்ல பேசினா உங்க குரல் வேற மாதிரி இருக்கே, சளியா?" என்று கேட்டாளாம். மார்னி ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். என்னிடம் அதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன்.

இப்போது பொருட்காட்சிக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு ஆகஸ்டிலும் மாவட்டப் பொருட்காட்சி நடக்கும். பன்றிக்குப் பரிசு, பூசணிக்குப் பரிசு, டிராக்டர் இழுக்கும் போட்டி, எண்ணெயில் பொரித்த எல்லாமும். அங்கே ஒரு மேடை. இருபது ஊருக்கு மார்னியைப் பாட அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை சொந்த ஊரில் பார்த்துவிடலாம் என்று கம்பெனி நினைத்தது. நல்லபடியாக நடந்தால் பயணமும் முழு ஆல்பமும். இல்லையென்றால் கையைக் கழுவிக்கொள்வார்கள். கோல்பியின் திட்டம் எளிது. பாட்டை லேப்டாப்பிலிருந்து போடுவது, மார்னி வாயசைப்பது.

மார்னிக்கு அது பிடிக்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்த வேகத்திலேயே நேரடியாகப் பாடிப் பார்க்கிறேன் என்று கராஜுக்குள் போனாள். போனவள் பத்து நிமிடத்தில் தலை சுற்றிப் புல்வெட்டும் இயந்திரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டாள். சுற்றாமல் என்ன செய்யும்? நாற்பத்தோரு மூச்சு இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுகூட இல்லை. நுரையீரல் உள்ள எந்தப் பிறவியாலும் பாட முடியாத பாட்டு அது. அம்மா தண்ணீர் கொண்டுவந்தாள். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

"வாயசைச்சுட்டுப் போயேன் மார்னி. எல்லாரும் செய்யறதுதானே?" என்றேன்.

"மாட்டேன். நான் பாடற மாதிரி பாடப்போறேன்."

"மெதுவாவா? ஆன்ட்டின்னாங்களே, மறந்துட்டியா?"

"அது பதினஞ்சு வினாடி. அவங்க நான் பாடி முழுசாக் கேட்டதே இல்ல. கேப்பாங்களா மாட்டாங்களான்னு எனக்குத் தெரியணும். ஒரே ஒரு தடவ. கேக்கலன்னா நானே விட்டுடறேன், சத்தியமா."

"கேக்கமாட்டாங்க. எழுதி வெச்சுக்கோ."

"நீ கேப்பியா?"

"நல்லாக் கேட்ட போ! உன் பாட்ட ஆயிரம் தடவ கேட்டது யாரு?"

"வெட்டறதுக்குக் கேட்ட" என்றாள்.

அம்மா நடுவில் புகுந்து, "ரெண்டு பேரும் வாய மூடுங்க. மொதல்ல அந்தப் புள்ள தண்ணி குடிக்கட்டும்" என்று அதட்டியதால் அன்றைக்கு அதோடு நின்றது.

கோல்பி கத்தினார், கெஞ்சினார். கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். மார்னி தன் வேகத்தில் பாடுவாள், பின்னால் ஒரே ஒரு கிட்டார். ஆனால் மேடைச் சத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஒலி மேசையில் வெட்டிய பாட்டு தயாராக இருக்கும். அவளால் முடியாவிட்டால் இடது கையைத் தூக்கவேண்டும். உடனே பாட்டைப் போட்டுவிடுவார்கள். யார் போடுவது என்ற பேச்சு வந்தது.

"கிறிஸ்டா உக்காரட்டும். நான் கை தூக்காம அவ அழுத்தமாட்டா" என்றாள் மார்னி. அவ்வளவு எரிச்சல் என் மேல் இருந்தும் என் பெயரைத்தான் சொன்னாள்.

நாலு மணி வெயில். பன்றிப் பரிசு முடிந்து கூட்டம் அப்படியே மேடைக்கு நகர்ந்துவந்தது. நாலாயிரம் பேராவது இருப்பார்கள். ஒலி மேசை கூட்டத்துக்குப் பின்னால், ஒரு கூடாரத்தடியில். அங்கிருந்து மேடை கட்டைவிரல் அளவுதான். எனக்கு முன்னால் தெரிந்ததெல்லாம் முதுகுகளும் தூக்கிப் பிடித்த போன்களும். கோல்பி என் தோளுக்குப் பின்னால் நின்று சூயிங்கம் மென்றுகொண்டிருந்தார். லேப்டாப் என் மடியில். விரல் பொத்தானுக்கு மேலே.

மார்னி வந்தாள். மஞ்சள் சட்டை. மைக்கைப் பிடித்து, "வீடு வந்தாச்சு" என்றுதான் ஆரம்பித்தாள். அடுத்த நொடி நாலாயிரம் பேரும் கூடவே பாட ஆரம்பித்தார்கள், அவர்களுக்குத் தெரிந்த வேகத்தில். அவள் "எறங்கத்தான்" என்பதற்குள் கூட்டம் பாட்டை முடித்துவிட்டது. முடித்துவிட்டு, அவள் இன்னும் பாடிக்கொண்டிருப்பதைக் கேட்டு, சிரித்தது. கெட்ட சிரிப்பு என்று சொல்லமாட்டேன். வேடிக்கை பண்ணுகிறாள் என்று நினைத்தார்கள், காமெடி வீடியோ மார்னிதானே.

"போடு" என்றார் கோல்பி.

"கை தூக்கல."

மார்னி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடி கூட்டம் முந்திக்கொண்டு ஓடியது. இந்தத் தடவை சத்தம் கொஞ்சம் கம்மி. மூன்றாம் தடவை ஆரம்பித்தாள். அந்த மூன்றாம் தடவையை நான் சரியாகக் கேட்கவே இல்லை. கோல்பி என் காதருகே, "அவ சாகறா. கிறிஸ்டா, அவ மேடையில செத்துட்டிருக்கா, உன் தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் மேடையிலிருந்த அந்த மஞ்சள் புள்ளியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஒரே ஒரு நிமிஷம்" என்று வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. ஒரு வினாடி. இரண்டு. போன்கள் அசையாமல் நின்றன. மூன்று. நின்றுவிட்டாள், மறந்துவிட்டாள், அழப்போகிறாள், என் பிள்ளை நாலாயிரம் பேர் முன்னால் அழப்போகிறாள். அவள் பிறந்தபோது எனக்குப் பதினொரு வயது. அவளைத் தூக்கிச் சுமந்தவள் நான். நான்காவது வினாடியில் அழுத்திவிட்டேன்.

எலிக்குட்டிக் குரல் பொருட்காட்சி முழுக்க அலறியது. கூட்டம் குதித்தது, கத்தியது. மார்னி வாயசைக்கவில்லை. மைக்கை இறக்கிப் பிடித்துக்கொண்டு, வாயை இறுக மூடி, தன் குரல் பாடி முடிக்கிறவரை நின்றாள். முடிந்ததும் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

அந்த வீடியோ தெரிந்திருக்கும் உங்களுக்கு. வாயைத் திறக்காமல் பாடுகிற பெண். பாட்டைப் பார்த்தவர்களைவிட அதைப் பார்த்தவர்கள் அதிகம். கோல்பி இரண்டு நாள் என்னைத் திட்டினார், இப்போதா போடுவது, இன்னும் முன்னாலேயே போட்டிருக்கவேண்டாமா என்று. மூன்றாம் நாள் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு மறுபடி தெய்வம் என்றார். இருபது ஊரிலும் மார்னி அதே மாதிரி வாயை மூடிக்கொண்டு நிற்கவேண்டுமாம். அதுதான் இனி அவளுடைய பாணியாம். நான் போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்று வாய்விட்டுக் கெட்ட வார்த்தை பேசினேன். அம்மா கண்டிக்கவில்லை. மார்னி முடியாது என்று சொல்லிவிட்டாள். கம்பெனி ஒரு மாதம் பேசிப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டது. அவள் ஊர் எல்லையில் ஒரு செடி விற்கும் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தாள். கொடுத்த வாக்குப்படி பாட்டை விட்டுவிட்டாள். தேவாலய வரிசையிலும் இப்போது நிற்பதில்லை. என்னோடு பேசுவதையும் விட்டுவிட்டாள்.

ஆறு வாரம் பொறுத்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை பண்ணைக்கே போனேன். லாரியிலிருந்து சாமந்தித் தொட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தாள். சண்டை போடும் எண்ணத்தோடுதான் போனேன், மறைப்பானேன்?

"எத்தன நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கப்போற? நீ நின்னுட்ட மார்னி. நாலு வினாடி! நான் எண்ணினேன். வாய்ல வார்த்த வரல உனக்கு. நான் வேற என்ன பண்ணியிருக்கணும்? சொல்லு."

அவள் கையுறையைக் கழற்றினாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன், இல்லை. சளைத்துப் போயிருந்தாள்.

"நான் நிக்கல கிறிஸ்டா. மூச்சு எடுத்தேன்."

எனக்குப் புரியவில்லை. அவள் போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினாள். முன்வரிசையில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி எடுத்து அனுப்பியதாம். மூன்றாம் தடவை. கூட்டம் பாடவில்லை. யாரும் சிரிக்கவில்லை. மார்னியின் அடிக்குரல் மட்டும், தூரத்தில் எங்கோ ஒரு டிராக்டர். முன்வரிசையில் ஒரு பெரிய தாடிக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். "ஒரே ஒரு நிமிஷம்" என்று பாடிவிட்டு அவள் தலையை நிமிர்த்தினாள். மைக்கில் அந்தக் காற்று உள்ளே போவது, மெதுவாக, அடிவயிறுவரை போவது, தெளிவாகக் கேட்டது. அடுத்த வரிக்கான வாய் திறந்தது. அந்த இடத்தில் என் பாட்டு வந்து விழுந்தது.

நான் அதை மறுபடி பார்க்கக் கேட்டேன். அவள் தரவில்லை. போனைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"மார்னி, எனக்குக் கேக்கலடி. அங்கேருந்து ஒண்ணும் தெரியல. அந்த ஆளு காதுகிட்ட..."

"நாலாயிரம் பேர் காத்துட்டிருந்தாங்க" என்றாள் அவள். "நீ மட்டும்தான் காத்திருக்கல."

கையுறையை மாட்டிக்கொண்டு அடுத்த தொட்டியைத் தூக்கினாள். நான் வழியில் நின்றதால் கொஞ்சம் நகரச் சொன்னாள். நகர்ந்தேன்.